90 வினாடி, 10 தோட்டா: நெடுந்தூர ரைஃபிள் போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தரையில் படுத்து, ஆற அமரக் குறிபார்த்து, 100 யார்டில் ஐந்து தோட்டாவையும் ஒரே ஓட்டையில் ஒருவர் செருகிவிடுவார். அதே ஆள் முதல் போட்டியில் மரத் தடுப்பின்மேல் ரைஃபிளைச் சாய்த்துக்கொண்டு 10 தோட்டாவில் இரண்டை மட்டும் இலக்கில் பதித்துவிட்டு எழுந்து வருவார். துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை. அவர் பழகியது துல்லியம், போட்டி கேட்டதோ குறித்த நேரத்துக்குள் போதுமான துல்லியம். இந்தக் கட்டுரை அந்த ‘போதுமான’ என்ற சொல்லைப் பற்றியது. பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) பாணிப் போட்டிகளை, அதாவது தடுப்பு, கூரைச் சரிவு, டயர், ட்ரைபாட் என்று நிலை மாற்றி மாற்றி இரும்புத் தகடுகளைச் சுடும் ஆட்டத்தை, மனத்தில் வைத்து எழுதியது. காகித இலக்கில் வளையப் புள்ளி எண்ணும் எஃப்-கிளாஸுக்கு இது பொருந்தாது.

1. துப்பாக்கியைத் தொடும் முன் விதியைப் படியுங்கள்

புள்ளி எப்படி வருகிறது என்று தெரியாமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இந்தப் பாணிப் போட்டிகளில் பெரும்பாலும் தகட்டில் பட்டால் ஒரு புள்ளி, தவறினால் சுழியம். தவறியதற்குக் கழிவு இல்லை. சீக்கிரம் முடித்ததற்குப் பரிசும் இல்லை. புள்ளி சமமானால் யார் முந்தியவர் என்று பார்க்க ஒரு குறிப்பிட்ட ஸ்டேஜின் (போட்டியின் ஒரு சுற்று) நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 90 வினாடி ஸ்டேஜை 65 வினாடியில் முடித்து ஐந்து பட வைத்தவர் 25 வினாடியைத் தெருவில் கொட்டிவிட்டார். அதே நேரம், சுடாமல் மிஞ்சிய தோட்டா நிச்சயமான சுழியம். இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில்தான் ஆட்டம் முழுவதும் நடக்கிறது. நேரத்தால் புள்ளியை வகுக்கும் வேறு வகைப் போட்டிகளும் உண்டு, அங்கே கணக்கு மாறும். எனவே போட்டிப் புத்தகத்தில் புள்ளி முறை உள்ள பக்கத்தை முதலில் தேடுங்கள்.

ஆவணங்கள்: உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் உரிமம், துப்பாக்கியை எடுத்துச்செல்லும் அனுமதி, உறுப்பினர் அட்டை, பதிவு ரசீது, இவை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். எண்களைச் சரிபாருங்கள். உரிமத்தில் உள்ள வரிசை எண்ணும் ரைஃபிளில் பொறித்திருப்பதும் ஓரெழுத்து பிசகினாலும் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். போட்டிப் புத்தகம் பெரும்பாலும் சில நாள் முன்பே கைக்கு வந்துவிடும். அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் கைப்பேசித் திரை தெரியாது.

புத்தகத்தில் தூரம் யார்டிலா மீட்டரிலா என்பதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். 600 மீட்டர் என்பது 656 யார்டு. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையில் இந்த 56 யார்டு ஏறக்குறைய 0.6 மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கோண அளவு) உயர வித்தியாசம். தகடு முழுவதுமே அவ்வளவு உயரம்தான் இருக்கும். புதியவர்கள் ஒரு ஸ்டேஜ் முழுவதையும் இதில் தொலைப்பது சர்வ சாதாரணம்.

2. பணம் எங்கே போகும்

ரைஃபிள் ஒருமுறைச் செலவு. தோட்டாவும் பேரலும் (துப்பாக்கிக் குழல்) தொடர் செலவு. ஒருநாள் போட்டிக்கு 80 முதல் 100 தோட்டா, இருநாள் போட்டிக்கு 200 வரை ஆகும். ஜீரோ பார்க்கவும் (குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) கீழே தவறவிடவும் அதன்மேல் கால்பங்கு கூடுதலாக எடுத்துச்செல்லுங்கள். மாதம் ஓர் இருநாள் போட்டி, பயிற்சிக்கு 100 தோட்டா என்று வைத்தால் ஆண்டுக்கு 3,600 தோட்டா. 6.5 கிரீட்மோர் பேரல் 2,000 முதல் 3,000 வரை தாங்கும். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பேரல் என்பதை இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அதிர்ச்சி வேண்டாம்.

செலவு வரிசையில் என் கருத்து இது: முதலில் தோட்டா, அடுத்து ரைஃபிளைத் தாங்க, கனமான நிரப்பு உள்ள ஒரு நல்ல பேக் (பை), அதன்பின் ஸ்கோப். விலையுயர்ந்த ட்ரிக்கர், சேசிஸ், ட்ரைபாட் எல்லாம் பத்து போட்டி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கையில் காசு குறைவென்றால் .22 ரிம்ஃபயரில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலை அமைப்பதும் போல்ட் (பழைய கூட்டை எடுத்துப் புதுத் தோட்டாவை ஏற்றும் தண்டு) ஓட்டுவதும் நேரக் கணக்கும் அப்படியே அதேதான். காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில் 100 யார்டில் .22 ஒரு கறாரான வாத்தியார்.

3. எண்களை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

ஸ்டேஜில் யோசிக்கும் ஒவ்வொரு எண்ணும் மூன்று வினாடியைத் தின்னும். ஜீரோவை 100 யார்டில் பிசிறில்லாமல் வையுங்கள். தோட்டா வேகத்தைக் குரோனோகிராஃபில் குறைந்தது 10 முறை அளந்து சராசரி எடுங்கள். தோட்டாவின் பாதையைக் கணிக்கும் பேலிஸ்டிக் செயலியில் போட்டபின் 600 யார்டிலும் அதற்கு அப்பாலும் உண்மையாகச் சுட்டுப் பார்த்துத் திருத்துங்கள். புதுப் பேரலென்றால் ஒரு எச்சரிக்கை: முதல் 100, 200 தோட்டா வரை வேகம் மெல்ல ஏறிக்கொண்டே போவது வழக்கம். அதற்குள் எடுத்த எண்ணை நம்பி அட்டை எழுதினால் போட்டியன்று எல்லாம் தகட்டின் தலைக்குமேல் போகும்.

அட்டையில் மூன்று நிரல் போதும்: தூரம், உயரம், காற்று. எழுத்து பெரிதாக, ரைஃபிளின் இடப்பக்கம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்லது மணிக்கட்டில். கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே ஓரப்பார்வையில் படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

4. 90 வினாடியைத் துண்டு போடுங்கள்

புதியவர்கள் எல்லாரும் வேகம் என்றதும் ட்ரிக்கரை நினைக்கிறார்கள். ட்ரிக்கரில் நேரமே இல்லை. ஒரு சாதாரண ஸ்டேஜைக் கையில் எடுப்போம்: தடுப்பில் ஐந்து இடம், ஓரிடத்தில் இரண்டு தோட்டா, மொத்தம் 10, நேரம் 90 வினாடி.

பஸ்ஸர் அடித்ததிலிருந்து முதல் வெடி வரை 14 வினாடி. ஒவ்வோர் இடத்திலும் முதல் வெடிக்கும் இரண்டாவதுக்கும் இடையே 5 வினாடி, ஐந்து இடத்துக்கு 25. இடம் மாறி அடுத்த முதல் வெடி வரை 11 வினாடி, நான்கு மாற்றத்துக்கு 44. கூட்டினால் 83. மிச்சம் 7 வினாடி.

இதில் எதைக் குறைக்கலாம்? இரண்டாவது வெடியின் 5 வினாடியை 4 ஆக்கினால் கிடைப்பது மொத்தம் 5 வினாடி. ஆனால் அந்த ஒரு வினாடிதான் முந்தைய தோட்டா எங்கே விழுந்தது என்று பார்த்துக் காற்றைத் திருத்தும் வினாடி. அதைப் பிடுங்கினால் துல்லியம் சரியும். இடமாற்றத்தின் 11 வினாடியை 9 ஆக்கினால் கிடைப்பது 8 வினாடி, துல்லியத்துக்கு ஒரு சேதமும் இல்லை. காரணம், அந்தப் பதினொன்றில் பாதி வீண் வேலை: பேக்கை இரண்டுமுறை திருப்பி வைப்பது, இலக்கை ஸ்கோப்பில் தேடுவது, முழங்கால் எங்கே வைப்பது என்று தடுமாறுவது. நகர்வில் வேகம், வெடியில் நிதானம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இங்கே பதறாமல் இருக்க வேண்டிய இடம் மிகச் சின்னது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கடைசி இரண்டு வினாடி.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கைப்பேசியை ஓரமாக நிறுத்தி ஒரு ஸ்டேஜைக் காணொளி எடுத்து, வெடிகளுக்கு இடையேயான வினாடிகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுதாதவரை எல்லாருக்கும் தாம் ட்ரிக்கரில்தான் தாமதம் என்ற பிரமை இருக்கும்.

5. எவ்வளவு அசைவு பொறுக்கலாம்

இதுதான் கட்டுரையின் கரு, மெதுவாகப் படியுங்கள்.

தடுப்பின்மேல் ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) ஒருபோதும் சிலைபோல நிற்காது. நின்றபின் சுடலாம் என்று காத்திருப்பவருக்கு பஸ்ஸர்தான் பதில் சொல்லும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்தத் தகட்டுக்கு இந்த அசைவு போதுமா?

தகட்டின் அகலத்தை மில்லில் மாற்றுங்கள். அங்குலத்தை 27.8ஆல் பெருக்கி யார்டால் வகுத்தால் மில். 400 யார்டில் 10 அங்குலத் தகடு ஏறக்குறைய 0.7 மில். 600 யார்டில் 12 அங்குலம் 0.56 மில். இதைப் போட்டிப் புத்தகத்திலேயே ஒவ்வோர் இலக்கின் பக்கத்திலும் எழுதிவிடுங்கள்.

இனி அசைவு. உங்கள் ரைஃபிளும் தோட்டாவும் சேர்ந்து 0.3 மில் குழுவுக்குள் (தோட்டாக்கள் விழும் வட்டத்தின் அகலம்) சுடும் என்று வைப்போம், ஏறக்குறைய ஒரு எம்.ஓ.ஏ. (கோண நிமிடம்). அதாவது நடுவிலிருந்து இருபுறமும் 0.15. ரெட்டிகிள் மொத்தம் 0.35 மில் அலைந்தால் இருபுறமும் 0.175. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து மோசமாகப் போனாலும் 0.325. 10 அங்குலத் தகட்டின் பாதி 0.35. உள்ளேதான் விழும். ஆகவே எளிய விதி: அலைவு தகட்டின் பாதி அகலத்துக்குள் வந்துவிட்டால் அழுத்துங்கள். அதற்குமேல் காத்திருப்பது புள்ளி தராது, நேரத்தை மட்டும் தின்னும். அலைவு தகட்டைத் தாண்டிப் போனால் அழுத்தாதீர்கள், நிலையைத் திருத்துங்கள். ரெட்டிகிள் நடுவைக் கடக்கும் கணத்தில் ட்ரிக்கரைத் தட்டிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அந்தத் தட்டல் ரைஃபிளையும் சேர்த்துத் தள்ளும்.

இந்த வரம்பு கடிகாரத்தோடு மாற வேண்டும். கடைசி 10 வினாடியில் இரண்டு தோட்டா கையில் இருந்தால் அலைவு தகடு அளவுக்கு இருந்தாலும் சுட்டுவிடுங்கள். பத்துக்கு நான்கு என்ற வாய்ப்பில் இரண்டு தோட்டா சுட்டால் சராசரியாக 0.8 புள்ளி, சுடாமல் விட்டால் சுழியம். ஆனால் துப்பாக்கி பாதுகாப்பான திசையில், நிலையில் ஊன்றி இருந்தால் மட்டுமே. பாதுகாப்பில் எந்தத் தளர்வும் கிடையாது.

இன்னொன்று. குழுவை 0.3இலிருந்து 0.2ஆகக் குறைக்க ஓர் ஆண்டு தோட்டா தயாரிப்பில் மூழ்குவோர் உண்டு. தடுப்பில் அலைவு 0.8 மில்லாக இருக்கும்வரை அந்த 0.1 யார் கண்ணுக்கும் தெரியாது.

6. நிலை அமைப்பது

பேக்கை மேகசினுக்குச் சற்று முன்னால், ரைஃபிள் தானாகத் தராசுபோல நிற்கும் புள்ளியில் வையுங்கள். அந்தப் புள்ளியில் சின்னத் துண்டு டேப் ஒட்டிவிட்டால் தேட வேண்டாம். மணல்போன்ற கனமான நிரப்பு தடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இலேசான மணி நிரப்பு பின்புறத் தாங்கலுக்கு நல்லது, முன்னால் வைத்தால் ரப்பர்போல ஆடும்.

வரிசை முக்கியம். முதலில் கண்ணால் இலக்கைப் பாருங்கள். பிறகு பேக், அதன்மேல் ரைஃபிள், பேரல் இலக்கை நோக்கி. அதற்குப் பிறகுதான் கன்னத்தை வைத்து ஸ்கோப்பில் பார்ப்பது. இலக்கைப் பார்க்காமல் ஸ்கோப்பில் நுழைந்தவர் புல்லையும் மேட்டையும் பார்த்துக்கொண்டு 8 வினாடி அலைவார். உருப்பெருக்கத்தை 10 முதல் 15 வரை வையுங்கள். 25இல் அலைவு பெரிதாகத் தெரிந்து மனம் கலங்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும், சுட்டபின் தோட்டா விழுந்த புழுதி வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். ரெட்டிகிள் தகட்டைவிட்டு விலகியிருந்தால் தோளால் இழுத்துப் பிடிக்காதீர்கள், முழங்காலையோ இடுப்பையோ நகர்த்துங்கள். தசையால் பிடித்த குறி வெடித்ததும் பழைய இடத்துக்குத் தாவும், இரண்டாவது தோட்டாவுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

7. வெடிக்குப் பின் உள்ள ஒரு வினாடி

ட்ரிக்கரை அழுத்தி அங்கேயே வைத்திருங்கள். கண் ஸ்கோப்பில் திறந்தே இருக்கட்டும். 600 யார்டுக்குத் தோட்டா போய்ச் சேர முக்கால் வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் தலையைத் தூக்கிவிட்டால் விழுந்த இடம் தெரியாது, அடுத்த தோட்டா குருட்டடி. புழுதியைப் பார்த்தபின் கன்னத்தை எடுக்காமல் போல்ட்டை முழுமையாகப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுங்கள். பயந்து பயந்து இழுத்தால் பாதியில் நின்று, பழைய கூடு வெளியேறாமல் புதுத் தோட்டா அதன்மேல் இடிக்கும். அந்தச் சிக்கலை எடுக்க 15 வினாடி போகும். அதட்டி இழுக்கலாம், போல்ட் உடையாது.

ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போது போல்ட் பின்னால் திறந்தே இருக்க வேண்டும், விரல் ட்ரிக்கர் கார்டுக்கு வெளியே. மறந்தால் எச்சரிக்கையோடு முடியாது, போட்டியிலிருந்தே வெளியே அனுப்பக்கூடும். இதை வீட்டில் வெற்றுத் துப்பாக்கியோடு கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். கடைசி வெடிக்குப் பின் போல்ட் திறந்தாயிற்றா என்று ரேஞ்ச் ஆபீசர் கேட்கும்போது யோசிக்கும் நிலை வரக்கூடாது.

8. காற்று: தாமதமாகத் துல்லியமாகச் சொல்வதைவிட, வேகமாகச் சுமாராகச் சொல்லுங்கள்

600 யார்டில் காற்றின் வேகத்தை மணிக்கு 3 மைல் தவறாகக் கணித்தால் 0.3 மில் விலகும். அங்கே 12 அங்குலத் தகட்டின் பாதி 0.28. அதாவது நல்ல நிலை, நல்ல ட்ரிக்கர், நல்ல தோட்டா எல்லாம் இருந்தும் ஓரத்தில் வழுக்கி வெளியே போகும். தவறவிட்டதில் பாதிக்குமேல் காற்றால்தான் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

மனக்கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு. 140 கிரெய்ன் (எடை அளவு) தோட்டாவை நொடிக்கு 2,700 அடி வேகத்தில் அனுப்பும் 6.5 கிரீட்மோரை ‘6 மைல் துப்பாக்கி’ என்பார்கள். முழுக் குறுக்குக் காற்று மணிக்கு 6 மைல் அடித்தால் 400 யார்டுக்கு 0.4 மில், 600க்கு 0.6, நூறுக்கு 0.1 என்ற விகிதம். 12 மைல் என்றால் இரட்டிப்பு, 3 என்றால் பாதி. காற்று கடிகாரத்தின் ஒரு மணி திசையிலிருந்து சாய்வாக வந்தால் பாதி. 700 யார்டுக்கு அப்பால் இதைவிடக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உங்கள் ரைஃபிளின் எண் 5ஆ 7ஆ என்பதைச் செயலியில் ஒருமுறை பார்த்து அட்டையின் தலையில் எழுதிவிடுங்கள்.

முதல் தோட்டா புழுதி வலப்பக்கம் 0.4 மில்லில் எழுந்தால் அடுத்ததை அப்படியே 0.4 இடப்பக்கம் பிடியுங்கள். காரணம் தேடாதீர்கள். புழுதி தெரியவில்லையென்றால் அதே பிடிப்பில் மறுபடி சுடுங்கள், கண்ணை இன்னும் பெரிதாகத் திறந்து. தெரியாத ஒன்றைத் திருத்தப் போனால் சரியாக இருந்ததையும் கெடுப்பீர்கள்.

9. டயலா, பிடிப்பா

ஒரே தூரம் என்றால் ஸ்கோப்பில் உயரம் மாற்றும் திருகியான டர்ரெட்டைத் திருப்பிவிடுங்கள். 400, 500, 600 என்று மாறி மாறி வந்தால் ஒவ்வொரு முறையும் டர்ரெட்டைத் திருப்ப 4 வினாடி போகும், அவசரத்தில் தவறான எண்ணிலும் நிற்கும். நடுத் தூரத்தை டயலில் வைத்து மற்ற இரண்டையும் ரெட்டிகிளில் பிடிக்கலாம். அட்டை 400க்கு 2.0, 500க்கு 2.9, 600க்கு 4.0 என்று சொன்னால் டயலில் 2.9. 400க்கு 0.9 தாழ்த்தி, 600க்கு 1.1 உயர்த்தி. இந்த இரண்டு எண்ணையும் ஸ்டேஜுக்கு முன்பே அட்டையில் எழுதுங்கள், ஸ்டேஜில் கழித்தல் போடாதீர்கள். 800க்கு அப்பால் உள்ள சின்னத் தகடுகளுக்கு டயலே நல்லது.

10. வரிசையில் நிற்கும் பத்து நிமிடம்

முன்னால் சுடுபவரை வேடிக்கை பார்க்காமல் அவருடைய புழுதியைப் பாருங்கள், காற்று இலவசமாகக் கிடைக்கும். தகடுகளைப் பைனாகுலரில் வரிசையாகக் கண்டுபிடித்து, பின்னணியில் ஒரு பாறை, ஒரு புதர் என்று அடையாளம் வையுங்கள். கண்ணை மூடி ஸ்டேஜை ஒருமுறை கையால் அபிநயித்துப் பாருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு இந்த வரிசையில் சரிபாருங்கள்: டர்ரெட் எண், பேரலாக்ஸ் (இலக்கின் தூரத்துக்கேற்ப ஸ்கோப்பில் செய்யும் திருத்தம்), உருப்பெருக்கம், மேகசினில் தோட்டா எண்ணிக்கை, மேகசின் பூட்டியதா என்று கீழே ஓர் இழுப்பு.

முதல் போட்டிக்கு ஒரு யோசனை: 10 தோட்டாவும் சுட வேண்டும் என்று கங்கணம் கட்டாதீர்கள். எட்டைச் சுடத் திட்டமிட்டு ஆறு பட வைப்பது, பத்தையும் வீசி நான்கு பட வைப்பதைவிட மேல். இரண்டாம் மாதத்தில் ஒன்பது, அதன்பின் பத்து என்று ஏற்றுங்கள்.

11. பயிற்சி

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தோட்டாவே இல்லாமல். துப்பாக்கியிலும் நீங்கள் இருக்கும் அறையிலும் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, நாற்காலி முதுகு, ஏணி, மேசை விளிம்பு என்று மூன்று உயரம் வையுங்கள். சுவரில் சின்னப் புள்ளி ஒட்டுங்கள். அவ்வளவு பக்கத்தில் ஸ்கோப் தெளியாவிட்டால் உருப்பெருக்கத்தைக் குறையுங்கள் அல்லது சன்னலுக்கு வெளியே ஆளில்லாத தூரப் பொருளைத் தேர்ந்தெடுங்கள், அக்கம்பக்கத்தார் கண்ணில் படாதபடி. டைமரை 11 வினாடிக்கு வைத்து இடம் மாறி ஒரு சொடுக்கு. வாரத்துக்கு அரை வினாடி குறையுங்கள். சொடுக்கும்போது ரெட்டிகிள் துள்ளினால் அந்த வாரம் நேரத்தைக் குறைக்கக் கூடாது.

உண்மைத் தோட்டாவோடு போகும் நாளில் படுத்துக்கொண்டு குழு சுடுவது 10 தோட்டாவோடு போதும். மீதியெல்லாம் தடுப்பில், டைமரோடு. ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: சுட்டது, பட்டது, மிச்ச வினாடி, தவறியது எந்தப் பக்கம். நேரம் மிஞ்சியும் தவறியிருந்தால் அடுத்த சுற்றில் வெடிக்கு ஒரு வினாடி கூடுதல் கொடுங்கள். எல்லாம் பட்டும் தோட்டா மிஞ்சியிருந்தால் இடமாற்றத்தைக் காணொளியில் பாருங்கள். தவறியவை இரண்டு பக்கமும் சிதறியிருந்தால் அலைவு, ஒரே பக்கமென்றால் காற்று.

நோட்டை மூடும் முன் டர்ரெட்டைச் சுழியத்துக்குத் திருப்புங்கள். 4 மில் ஏற்றி வைத்த டர்ரெட்டோடு அடுத்த ஸ்டேஜுக்குப் போய், ஏன் எதுவுமே படவில்லை என்று காற்றைத் திட்டுபவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் ஒருவராவது இருப்பார்கள்.